பெயரோடு ஒலிக்கட்டும்

உடுமலை, மடத்துக்குளம் வட்டாரங்களில் தாமே பாட்டுக் கட்டி, தாமே மேடையேறி, தாமே ஒலிப்பதிவு செய்து, இசைச் செயலிகளும் உருவாக்க முனைந்திருக்கும் இளம் இசைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த நண்பர்களே,

அமராவதி ஆற்றின் பழைய வாய்க்கால் பாசனத்தில் நெல் விளையும் கொமரலிங்கத்திலிருந்து இம்மடலை எழுதுகிறேன். வாரமெல்லாம் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் வேலை பார்த்தும், உடுமலைப் பக்கத்து நூல் மில்களில் இரவு முறைக்குச் சென்றும் ஜீவனம் நடத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையும் ஊர்த் திருவிழாவாகிய நோம்பியும் வாய்க்கும்போதெல்லாம் கருவியும் கையுமாக மேடையேறி, அங்கே பாடியதைப் பின்னர் ஓர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்து உலகுக்கு அனுப்பி, அத்தோடு நில்லாமல், உறுமி, துடும்பு என்னும் மேளங்களைப் பழகுவோர்க்கு உதவும் செயலிகளைக் குறித்தும் யோசித்துவரும் இளைஞர்கள் நம் வட்டாரத்தில் தோன்றியிருக்கிறீர்கள் என்பது எனக்கு அளவிறந்த சந்தோஷத்தைத் தருகிறது.

சினிமாக் கம்பெனியின் தயவையும், பெரிய நகரத்துச் சபாக்களின் அழைப்பையும் எதிர்பார்த்துக் கைகட்டி நிற்காமல் உங்கள் சங்கீதத்தை நீங்களே நடத்திக்கொள்கிறீர்கள். இந்தச் சுதந்திரம் சாமானியமானதன்று. ஆனால் முன்னாளில் இசைத்தட்டுக் கம்பெனியும் நாடகக் கம்பெனியும் சுமந்த காரியங்களெல்லாம், அதாவது யார் பாடினார், யார் வாசித்தார், எவருக்கு என்ன பாத்தியதை என்று கணக்கு வைக்கும் காரியங்களெல்லாம், இப்போது உங்கள் தலைமேல் வந்து விழுந்திருக்கின்றன. ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்ள விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் நடத்துவது கச்சேரியாயினும், பதிவாயினும், செயலியாயினும், அதில் ஒலிக்கும் ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு கைக்கும் உரிய பெயரும் ஊரும் பாத்தியதையும் அந்த இசையை விட்டுப் பிரியாதபடி எழுதி வையுங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் நம் ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது. கோயில் நோம்பிக்கு அச்சிடும் நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அபிஷேக உபயதாரர், அன்னதான உபயதாரர், பந்தல் உபயதாரர், மின்விளக்கு அலங்கார உபயதாரர் என்று பெயர்கள் பத்தி பத்தியாக நிரம்பியிருக்கும். அடியில் அச்சகத்தின் பெயர்கூட இருக்கும். ஆனால் சாமி புறப்பாட்டின் முன்னே இரவு முழுவதும் தோள் நோகக் கருவியைச் சுமந்து, விடியும் மட்டும் ஓயாமல் அடித்தவர்களைக் குறித்து, மேளதாளம் முழங்க என்னும் இரண்டு சொற்களுக்கு மேல் ஒன்றும் இராது. அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதற்கும் அவர்களுடைய பெயர்கள் அச்சேறாததற்கும் உள்ள சம்பந்தத்தை நாம் எல்லோரும் அறிவோம். சாதியின் காரணமாக விடப்பட்ட பெயர்கள் அவை. நீங்கள் புதிதாகத் தொடங்கும் இந்தக் காரியத்தில் அந்தப் பழைய அநீதி அறியாமலேகூட வந்து புகுந்துவிடலாகாது.

பெயரில்லாமல் போகும் வித்தை எத்தகைய வித்தை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உடுமலையை அடுத்த சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கலை ஒட்டி நடக்கும் திருவிழாவுக்குச் சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து சலகெருதுகளை அழைத்து வருவதை நீங்கள் பிள்ளைப்பிராயம் முதல் கண்டிருப்பீர்கள். ஏரில் பூட்டாமல் சாமிக்கென்று விட்டு வளர்த்த அந்தக் காளையின் முன்னே இளைஞர்கள் நீண்ட கோல்களைப் பிடித்துக்கொண்டு ஆட, உறுமிக்காரர் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்த்து அடிவயிற்றிலிருந்து எழுவது போன்ற அந்த நாதத்தை எழுப்பி, மறுமுகத்தை மெல்லிய நேர்குச்சியால் தட்டிக் காலத்தை நிர்ணயித்துக்கொண்டே, கண்ணை மாத்திரம் காளையின் காலிலிருந்து எடுக்காமல் நிற்பார். காளை தயங்கினால் அவர் காலத்தைத் தளர்த்துவார். அது முன்னங்காலைத் தூக்கினால் அந்தக் கணமே அடியை நெருக்குவார். மனிதனையும் மிருகத்தையும் ஒரே லயத்தில் கட்டி நடத்துகிற அந்தக் கலைஞரின் கணக்கு எந்த லக்ஷண கிரந்தத்திலும் ஏறவில்லை. இத்தகைய கணக்குகள் இன்னும் உயிரோடிருக்கும் இடம் உங்கள் ஊர் மேடையும் ஊர் வீதியுமே. எவ்வளவு தூரம் உங்கள் பாட்டு பரவினாலும் உள்ளூர்க் கச்சேரியைக் கைவிடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். பதிவுக்கும் செயலிக்கும் வேண்டிய சரக்கு முழுவதும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

கொங்கு நாட்டில் பெயர் நிலைத்த கலைஞர்களைப் பாருங்கள். பாடகியரான கோயமுத்தூர் தாயி, கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள், நமக்கு அருகே பூளவாடியில் 1899-இல் பிறந்த பாடலாசிரியர் உடுமலை நாராயணகவி ஆகிய மூவரும் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே சுமந்தவர்கள். அந்தப் பெயர்கள் நிலைத்ததற்கு அவர்களுடைய வித்வத்து மட்டும் காரணமன்று. இசைத்தட்டின் நடுவிலும் நாடக நோட்டீஸிலும் பாட்டுப் புஸ்தகத்திலும் அவை அச்சாகியிருந்தன என்பதும் ஒரு காரணம். இந்தியாவில் இசைத்தட்டுத் தொழில் காலூன்றிய 1902-ஆம் வருஷம், பிரெட் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தபோது, அந்த அம்மையார் பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தம் வாயாலேயே சொல்லிப் பதிய வைத்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் அச்சாக வேண்டியிருந்தபடியால், அங்குள்ள தொழிலாளிக்குப் பாடியவர் யாரென்று தெரிவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது என்பார்கள். எந்தக் காரணத்துக்காக ஏற்பட்டதாயினும், நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தட்டைக் கேட்பவர் எவரும் பாடகியைத் தவறவிட முடியாது.

கோயமுத்தூர் தாயியின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. 1872-இல் பிறந்து 1917-இல் மறைந்த அந்த அம்மையாரின் இசைத்தட்டுகள் கடல் தாண்டிச் சென்றன. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் மாணாக்கரான மோரிஸ் தெலாழ் 1912-இல் இந்தியாவுக்கு வந்து போனவர். தாயியின் தட்டைக் கேட்டு மனம் பறிகொடுத்த அவர், அதை ஆதாரமாகக் கொண்டு பியானோவுக்கென்று ஒரு ராகமாலிகையை இயற்றினார். அதில் நம் தாள வாத்தியத்தின் ஓசையை வரவழைப்பதற்காக, பியானோவின் ஒரு சுரத்துக்குரிய தந்திகளில் காகித அட்டை ஒன்றைச் செருகி நாதத்தை அடக்கச் சொன்னார். நம் கொங்கு நாட்டுக் குரல் ஒன்று பாரிஸ் நகரத்துப் பியானோவின் உள்ளே கை வைத்தது என்றால் எத்தகைய பெருமை! தட்டின் நடுவே தாயியின் பெயர் இருந்தபடியால் அந்தப் பெருமை அவருக்கே சேர்ந்தது. அந்த அட்டையைச் செருகத் தூண்டிய பக்கவாத்தியத்தை வாசித்தவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இதற்கு நேர்மாறான நல்ல உதாரணம் ஒன்றும் நம் பக்கத்திலேயே உண்டு. 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையம் கிராமத்தில் வந்து தங்கிய பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர், ராமசாமி என்னும் உடுக்கைப் பாட்டுக்காரரும் அவருடைய துணைப்பாட்டுக்காரர் பழனிசாமியும் பல இரவுகள் பாடிய அண்ணன்மார் சுவாமி கதையை 1965-இல் டேப்பில் பதிந்தார். அந்தப் பதிவு அலமாரியில் தூங்கவில்லை. 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வாயிலாக இரண்டு தொகுதிகள் கொண்ட நூலாயிற்று. பின்னாளில் 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் வளர்ந்தது. ஒரு கிராமத்தில் எழுந்த பாட்டு டேப்பாகி, புஸ்தகமாகி, திரையில் ஓடும் சித்திரமாகிய இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் பாடியவர் ராமசாமி என்று நான் இன்று உங்களுக்கு எழுத முடிகிறதென்றால், பதிந்த அன்றே பெயரையும் ஊரையும் வருஷத்தையும் குறித்து வைத்ததுதான் அதற்குக் காரணம். விலையுயர்ந்த சாதனம் எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

பெயர் பிரிந்தால் என்ன ஆகுமென்பதைத் திருப்பூரில் வேலை பார்க்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சாயமேற்றி, வெட்டி, தைத்து, பிசிறு நறுக்கி, இஸ்திரி போட்டு நீங்கள் அனுப்பும் பனியனின் கழுத்தில் வேறொருவருடைய லேபிள்தான் தைக்கப்படுகிறது. அதை அணிபவர் அந்த லேபிளையே அறிவார், அதற்கே பணம் கொடுப்பார். பஞ்சாலையிலும் பனியன் தொழிலிலும் இது வியாபார ஏற்பாடாக நிலைத்துவிட்டது. உங்கள் சங்கீதத்துக்கும் இந்தக் கதி நேரவேண்டிய நிர்ப்பந்தம் ஒன்றுமில்லை.

ஆகவே பதிவு செய்யும்போது சில நியமங்களைக் கைக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் வாசித்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பெயரையும் ஊரையும் கருவியையும், அன்றைய தேதியையும் தம் குரலிலேயே சொல்லட்டும். வெளியிடும் பிரதியில் அதை நீக்கினாலும் மூலப் பிரதியில் அது இருக்கட்டும். கைப்பேசியின் சாதாரண ஒலிப்பதிவு, பேச்சைத் தெளிவாக்குவதற்காக ஏற்பட்டது. உறுமியின் தேய்ப்பொலியை அது இரைச்சலென்று எண்ணிக் குறைத்துவிடும். துடும்பின் பேரடி விழுந்தவுடன் ஒலியைத் தானாக இறக்கிவிட்டு, அடுத்து வரும் மெல்லிய அடிகளை விழுங்கிவிடும். அந்தத் தானியங்கி ஏற்பாட்டை அணைத்துவிட்டு, ஒரு மைக்கைக் கருவிக்கு அருகிலும் மற்றொன்றைப் பத்தடி தள்ளியும் வைத்து, சுருக்கப்படாத வேவ் கோப்பாகவே மூலத்தைப் பாதுகாத்து வையுங்கள். எம்.பி.3 பிரதியை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதிலிருந்து மூலத்தைத் திரும்பப் பெற முடியாது.

சட்டமும் இவ்விஷயத்தில் உங்கள் பக்கமே நிற்கிறது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்தால், பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் தம் நிகழ்ச்சியைப் பதிவது, பிரதியெடுப்பது, பொதுமக்களுக்கு அளிப்பது ஆகியவற்றில் தனி உரிமை 38ஏ பிரிவின்படி உண்டு. தம்மை இன்னாரென்று அடையாளம் காட்டவேண்டுமென்று கேட்கும் தார்மிக உரிமை 38பி பிரிவின்படி உண்டு. நிகழ்த்துவோர் உரிமை 50 ஆண்டு நிற்கும். ஒலிப்பதிவின் பதிப்புரிமை 60 ஆண்டு நிற்கும். முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவை உண்டாக்கியவரே அதன் தயாரிப்பாளர் என்று சட்டம் கொள்வதால், உங்கள் அறையில் உங்கள் செலவில் உருவான பதிவுக்கு நீங்களே உரிமையாளர். உரிமையை வேறொருவருக்கு மாற்றிக்கொடுப்பதாயின் அது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு பொருள்கொள்ளும். எக்காலத்துக்கும், எல்லாத் தேசங்களுக்கும் என்ற வார்த்தைகள் கொண்ட ஒப்பந்தம் வந்தால், அவற்றை நன்றாக யோசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். ஒரே ஒரு தாளில், யார் யார் வாசித்தார்கள், அன்றைய சம்பளம் எவ்வளவு, பின்னால் வரும் வருமானத்தில் பங்கு எவ்வளவு என்று தமிழில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சிநேகிதர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். சிநேகிதம் நிலைப்பதற்கே இது தேவை.

எண்ணிறந்தோர் கேட்டுவிட்டால் பணம் தானே வருமென்ற நம்பிக்கையையும் வைத்துக்கொள்ள வேண்டாம். 2021 மார்ச் மாதம் வெளியாகி உலகமெங்கும் பரவிய எஞ்சாயி எஞ்சாமி என்னும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். அதன் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு, யாருடைய முகம் முன்னே நிற்கவேண்டும் என்பது பற்றிப் பொதுவெளியில் விவாதம் எழுந்தது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாட்டின் வருவாயில் தமக்கு ஒரு பைசாவும் வந்து சேரவில்லை என்று பகிரங்கமாகவே தெரிவித்தார். அத்தகைய பிரசித்தி பெற்றவர்களுக்கே இந்நிலையென்றால் நம் நிலை என்ன? ஸ்பாட்டிபை தளத்தில் பன்னிரண்டு மாதத்துக்குள் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுக்கான உரிமைத்தொகை கணக்கிடுவதில்லை என்ற விதி 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. உலகத்துக்கு உங்கள் பாட்டை அறிமுகப்படுத்தும் வாசல் என்ற அளவில் அத்தளங்களைப் பயன்படுத்துங்கள். ஜீவனத்துக்கு உள்ளூர் மேடையையும், நேரில் கேட்கும் ரசிகரையும் நம்புங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் உரிய பன்னிரண்டு எழுத்தெண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீட்டை மறவாமல் பெற்று, தளங்கள் கேட்கும் விவரப் படிவத்தில் பாடகர் பெயரோடு உறுமி, துடும்பு, நாயனம் வாசித்தவர் பெயர்களையும் பூர்த்தி செய்யுங்கள். பாட்டு எத்தனை கைமாறினாலும் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் வழி அது.

இனிச் செயலியைப் பற்றிச் சில வார்த்தைகள். பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கியபோது, ஓர் இசைக்கலைஞரின் தேவையை இசைக்கலைஞரே தீர்த்துக்கொள்ளலாம் என்பதை நிரூபித்தார். இன்று தம்புராவும் தபலாவும் மிருதங்கமும் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. ஆனால் நம் உறுமிக்கும், துடும்புக்கும், தேவராட்டத்தின் தேவதுந்துபிக்கும் அங்கே இன்னும் உரிய ஸ்தானம் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத் தகுந்தவர்கள் நீங்களே. ஓர் அடியைப் பதிந்துவைத்து அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தால் உறுமி உறுமாது. மெதுவாகத் தேய்த்தது, அழுத்தித் தேய்த்தது, பாதியில் நிறுத்தியது என்று ஒரே கலைஞரிடமிருந்து பல வகைகளையும் தனித்தனியே பதிந்து, பழகுபவர் காலத்தைக் குறைத்தாலும் நாதம் சிதையாதபடி அமைக்க வேண்டும். சுருதியைக் கட்டைக் கணக்கிலும், அடிகளை நம் கலைஞர்கள் வாயால் சொல்லும் சொற்கட்டுகளிலும் காட்ட வேண்டும். சிக்னல் கிட்டாத கிராமத்திலும், விலை குறைந்த கைப்பேசியிலும் அது வேலை செய்ய வேண்டும்.

செயலியைத் திறந்தவுடன் முதற்பக்கத்திலேயே, இந்த நாதத்தை வாசித்தவர் இன்னார், இந்த ஊரார் என்று எழுதுங்கள். உலகமெங்கும் லக்ஷக்கணக்கானோர் தினமும் சாதகம் செய்யும்போது ஒலிக்கும் செயலித் தம்புராக்களில் மீட்டியவர் விரல் யாருடையது என்று அநேகமாக எவரும் அறிவதில்லை. ஒருமுறை சம்பளம் கொடுத்துவிட்டோமென்று கணக்கு முடித்துவிடாமல், செயலியில் வரும்படி வந்தால் அவருக்கும் ஒரு பங்கு சேரும்படி முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு மூலதனம் அதிகம் வேண்டியதில்லை. கூகுள் பிளேயில் பதிவுக் கட்டணம் ஒரே தடவை 25 டாலர். புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குபவர், செயலியை வெளியிடுமுன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் அதைச் சோதித்துப் பார்க்கச் செய்ய வேண்டுமென்பது இப்போதைய விதி. அந்தப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேராவது வாத்தியத்தைத் தோளில் மாட்டி வாசிப்பவர்களாக இருக்கட்டும். பிழை எங்கே இருக்கிறதென்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் கிடையாது.

நண்பர்களே, தொழில்நுட்பம் உங்களுக்குத் தெரியும். வித்தை உங்கள் அப்பாருக்கும், பக்கத்துத் தெரு ஐயாவுக்கும் தெரியும். இரண்டையும் ஒருங்கே சேர்க்கக் கூடிய தலைமுறை உங்களுடையது. முந்தின தலைமுறைக்குச் சாதனம் கிட்டவில்லை, பிந்தின தலைமுறைக்கு அந்த ஐயாக்கள் கிட்டமாட்டார்கள். வருகிற நோம்பிக்குக் கமிட்டிக்காரர்களிடம் சம்பளம் பேசும்போதே, நோட்டீஸில் வாசிப்பவர்கள் எல்லோருடைய பெயரையும் அச்சிட வேண்டுமென்று கேளுங்கள். மறுத்தால் மறுபடியும் கேளுங்கள். அப்போதும் மறுத்தால், மேடையேறியவுடன் ஒலிபெருக்கியிலேயே ஒவ்வொரு பெயராகச் சொல்லிவிட்டு முதல் அடியைத் தொடங்குங்கள். அன்றிரவு பதிவு செய்யுங்கள். அடுத்த ஞாயிறு அதைக் கேட்டுத் திருத்துங்கள். ஆறு மாதம் கழித்தானும் செயலியை வெளியிடுங்கள். மேடை, பதிவு, செயலி ஆகிய இம்மூன்றிலும் பெயரை முதலில் எழுதி, மற்றவற்றைப் பிறகு எழுதுங்கள் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் இசையில் அபிமானமுள்ள ரசிகன்,
கொமரலிங்கம்